படித்தது பரீட்சையில் ஞாபகம் வர: பத்தாம் வகுப்புக்கு ஒரு மாலைநேரப் பழக்கம்

"நல்லாத்தான் சார் படிச்சேன், ஹால்ல உட்கார்ந்ததும் மறந்துபோச்சு." காலாண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில் நான் அதிகம் கேட்பது இதைத்தான். பிள்ளைகள் பொய் சொல்வதில்லை. நான்கு முறைகூட வாசித்திருப்பார்கள். ஆனால் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு முறையாவது எழுதிப் பார்த்திருக்க மாட்டார்கள். பரீட்சையில் செய்யவேண்டியதோ அதுதான்.

அதைத் தினமும் பழக ஒரு ரஃப் நோட்டு, ஒரு நீலப் பேனா, ஒரு சிவப்புப் பேனா போதும்.

படி 1: அன்றைய பாடம் அன்றைக்கே

பள்ளி விட்டு வந்து, முகம் கழுவி, ஏதாவது சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும். வகுப்பில் அன்று நடத்திய பகுதியை மட்டும் நிதானமாக ஒரு முறை வாசியுங்கள். புரியாத வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டு, மறுநாள் ஆசிரியரிடம் கேளுங்கள்.

படி 2: மூடுங்கள், எழுதுங்கள்

இந்தப் படிதான் உயிர். அறிவியலில் 'இயக்க விதிகள்' பாடத்தில் உந்தம் நடத்தினார்கள் என்று வைத்துக்கொள்வோம். புத்தகத்தை மூடிவிட்டு நீலப் பேனாவால் எழுதுகிறீர்கள்: உந்தம் = நிறை × திசைவேகம். சரி, அலகு? பேனா நின்றுவிடும். கை தானாகப் புத்தகத்தைத் தேடும். விடாதீர்கள், ஒரு நிமிடம் யோசியுங்கள். நிறைக்குக் கிலோகிராம், திசைவேகத்துக்கு மீட்டர்/விநாடி. இரண்டையும் பெருக்கினால் அலகு வந்துவிடுகிறதே! இப்படித் தட்டுத்தடுமாறி எடுத்தது சீக்கிரம் போகாது. வரவே இல்லையா, இடம் விட்டு அடுத்ததற்குப் போங்கள்.

2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். வாசித்து முடித்ததும் 'எல்லாம் தெரியும்' என்று தோன்றுவதை நம்பி ஏமாறுவது இதனால்தான்.

படி 3: சிவப்பால் திருத்துங்கள்

இப்போது புத்தகத்தைத் திறக்கலாம். விட்டதையும் தப்பையும் மட்டும் சிவப்பில் எழுதுங்கள்.

படி 4: இடைவெளி விட்டுத் திரும்புங்கள்

மறுநாள், மூன்றாம் நாள், அடுத்த வாரம் என்று அந்தச் சிவப்பு வரிகளை மறைத்துவிட்டு மறுபடி எழுதிப் பாருங்கள். படித்த முதல் சில மணி நேரத்தில்தான் மறதி மிக வேகமாக நடக்கிறது என்று எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885-இலேயே தன்னையே சோதித்து எழுதி வைத்தார். அதனால் மறுநாள் பார்ப்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

கணக்குக்கும் தமிழுக்கும்

கணக்கில் எடுத்துக்காட்டைப் பார்த்து 'புரிந்தது' என்று நகர்வது பெரிய ஆபத்து. விடையை ஒரு தாளால் மறைத்து நீங்களே போடுங்கள். சிக்கும்போது ஒரு வரி மட்டும் தாளை இறக்கிப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். மனப்பாடப் பாடலை முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள், அப்புறம் எழுதுங்கள். எழுதினால்தான் ஒற்றுப்பிழை தெரியும்.

அம்மாவிடம் புத்தகத்தைக் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொல்லலாம். அவருக்கு இயற்பியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதல் பத்து நாள் பக்கம் முழுக்கச் சிவப்பாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள். நோட்டைப் பத்திரமாக வையுங்கள். அரையாண்டுக்கு முதலில் எடுக்க வேண்டியது அந்தச் சிவப்பு வரிகளைத்தான்.