நேற்று ஓடிய புராஜெக்ட் இன்று ஏன் ஓடவில்லை? பைத்தான் டிபென்டென்சிகளைப் பூட்டிவைக்கும் முறை

கடைசி வருடம் படிக்கும் தங்கை ஒருத்தி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அண்ணா, கோடில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. போன செமஸ்டரில் நன்றாக ஓடியது. புது லேப்டாப்பில் போட்டால் ஓடவே மாட்டேன் என்கிறது." திரையில் இருபது வரி சிவப்பு எழுத்து. அதன் கடைசி வரி, 'வெர்க்ஸோய்க்.யூஆர்எல்ஸ்' என்ற இடத்திலிருந்து 'யூஆர்எல்_க்வோட்' என்ற பெயரை இம்போர்ட் செய்ய முடியவில்லை என்றது.

அவள் எழுதிய கோடில் வெர்க்ஸோய்க் என்ற சொல்லே கிடையாது. புராஜெக்டுக்கு வேண்டிய பேக்கேஜ்களைப் பட்டியலிடும் அவளுடைய ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பைத் திறந்தோம். ஒரே வரிதான் இருந்தது: ஃபிளாஸ்க்==2.2.2. பதிப்பு எண்ணோடு சரியாகத்தான் எழுதியிருந்தாள். அப்படியும் உடைந்தது ஏன் என்று புரிந்துவிட்டால், டிபென்டென்சிகள், அதாவது நம் கோடு நம்பியிருக்கும் பிறருடைய பேக்கேஜ்கள், தரும் தொல்லையில் பாதி தீர்ந்துவிடும்.

ஃபிளாஸ்க், பைத்தானில் வலைத்தளம் செய்ய உதவும் பேக்கேஜ். அது தனியாக வருவதில்லை. அது வெர்க்ஸோய்க் என்ற இன்னொரு பேக்கேஜின் மேல் உட்கார்ந்திருக்கிறது. 2022 ஆகஸ்டில் வந்த ஃபிளாஸ்க் 2.2.2 கேட்பது, "வெர்க்ஸோய்க் 2.2.2 அல்லது அதற்கு மேல்" என்று மட்டும்தான். எதுவரை மேலே போகலாம் என்று அதில் சொல்லவில்லை. 2023 செப்டம்பர் 30 அன்று வெர்க்ஸோய்க் 3.0 வந்தது. அதில் யூஆர்எல்_க்வோட் நீக்கப்பட்டிருந்தது. பழைய லேப்டாப்பில் ஏற்கெனவே இறங்கியிருந்த 2.2 அப்படியே இருந்ததால் அங்கே பிரச்சினை வரவில்லை. புது லேப்டாப்பில், பேக்கேஜ்களை இறக்கித்தரும் பிப் என்ற கருவி புதிதாகத் தேடிப்போய், நிபந்தனைக்குப் பொருந்துகிறதே என்று புதிய வெர்க்ஸோய்க்கை இறக்கிவிட்டது. பிப் செய்ததில் தப்பில்லை, அவள் கோடிலும் தப்பில்லை. கோப்பில் எழுதப்படாத ஒரு பேக்கேஜ் நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

இது ஒருமுறை மட்டும் நடந்ததும் அல்ல. ஃபிளாஸ்க்கோடு ஒட்டிக்கொண்டு வருபவைதான் மார்க்அப்சேஃபும் ஜிஞ்சாவும். 2022 பிப்ரவரியில் மார்க்அப்சேஃப் 2.1 வந்தபோதும், அடுத்த மாதமே ஜிஞ்சா 3.1 வந்தபோதும், பழைய ஃபிளாஸ்க் 1.1-ஐ வைத்திருந்தவர்களுக்கு இதே கதைதான். ஆகவே நீங்கள் கேட்ட பேக்கேஜை மட்டும் பூட்டினால் போதாது. அதன் கீழே வரும் அத்தனையையும் பூட்ட வேண்டும். அதற்கான படிகள் இனி. கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

படி 1: புராஜெக்டுக்கு ஒரு தனி அறை

புராஜெக்ட் ஃபோல்டருக்குள் போய் "பைத்தான் -எம் வென்வ் .வென்வ்" என்று தட்டுங்கள். புள்ளியில் தொடங்கும் அந்தப் பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாகும். இந்த புராஜெக்டின் பேக்கேஜ்கள் எல்லாம் அதற்குள்தான் போகும், மற்ற புராஜெக்டுகளைத் தொடாது. லினக்ஸிலும் மேக்கிலும் "சோர்ஸ் .வென்வ்/பின்/ஆக்டிவேட்" என்று தட்டினால் அது விழித்துக்கொள்ளும். விண்டோஸில் அந்த ஃபோல்டருக்குள் இருக்கும் ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரில் ஆக்டிவேட் கோப்பு இருக்கிறது. டெர்மினல் வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அறையின் பெயர் தெரிந்தால் நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள். சந்தேகமாக இருந்தால் "பிப் --வெர்ஷன்" என்று கேளுங்கள். எந்த ஃபோல்டரிலிருந்து ஓடுகிறது என்று பிப்பே சொல்லும்.

உபுண்டு 24.04-இல் இந்த அறை இல்லாமல் நேரடியாக பிப் இன்ஸ்டால் செய்தால், இந்தச் சூழலை வேறொருவர் நிர்வகிக்கிறார் என்று மறுத்துவிடும். நெட்டில் தேடினால், "பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்" என்ற தேர்வைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். உபுண்டுவின் சொந்தக் கருவிகள் பலவும் அதே பைத்தானில்தான் ஓடுகின்றன.

இந்த ஃபோல்டரை பென் டிரைவில் போட்டு நண்பருக்குக் கொடுப்பதைப் பல கல்லூரி லேப்களில் பார்த்திருக்கிறேன். அது வேலைக்காகாது. உங்கள் கணினியின் முழுப் பாதை அதற்குள் எழுதப்பட்டிருக்கும். கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டிலும் ஏற்றாதீர்கள், கிட்இக்னோர் கோப்பில் அதன் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

படி 2: கூடவே யார் யார் வந்தார்கள் என்று பாருங்கள்

அறைக்குள் ஃபிளாஸ்க் 2.2.2-ஐ இன்ஸ்டால் செய்துவிட்டு "பிப் லிஸ்ட்" கொடுத்துப் பாருங்கள். கேட்டது ஒன்று. வெர்க்ஸோய்க், ஜிஞ்சா, இட்ஸ்டேஞ்சரஸ், கிளிக் என்று நான்கு பேர் கூடவே வந்திருப்பார்கள். ஜிஞ்சாவும் வெர்க்ஸோய்க்கும் தங்கள் பங்குக்கு மார்க்அப்சேஃபைக் கூட்டி வந்திருக்கும். விண்டோஸ் என்றால் கிளிக்கின் தயவில் கலரமாவும் இருக்கும்.

இப்போது "பிப் ஷோ வெர்க்ஸோய்க்" என்று கேளுங்கள். கடைசி இரண்டு வரிகள்தான் நமக்கு முக்கியம். ஒன்று, இதற்கு யார் தேவை என்று சொல்லும். மற்றது, இதை யார் கேட்டார்கள் என்று சொல்லும். இரண்டாவதில் ஃபிளாஸ்க் பெயர் நிற்கும். பழக்கமில்லாத பேக்கேஜ் பெயரோடு எரர் வந்தால் முதலில் இங்கே வந்து பாருங்கள். எரரைக் கீழிருந்து மேலே படியுங்கள். கடைசி வரியில் உள்ள பேக்கேஜ் பெயரை எடுத்து பிப் ஷோவிடம் கொடுத்தால், பாதி நேரம் அங்கேயே விடை இருக்கும்.

படி 3: இரண்டு கோப்புகள்

எளிய வழி "பிப் ஃப்ரீஸ்". உள்ளே இருக்கும் அத்தனையையும் துல்லியமான பதிப்பு எண்ணோடு பட்டியலிடும். அதை ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பில் சேமித்தால் பூட்டு விழுந்துவிடும். அவசரத்துக்கு இதுவே போதும். ஆனால் ஆறு மாதம் கழித்துத் திறந்தால், இதில் நான் கேட்டது எது, ஒட்டிக்கொண்டு வந்தது எது என்று தெரியாது. எதை நீக்கலாம் என்றும் தெரியாது.

நான் செய்வது வேறு. பிப்-டூல்ஸ் என்ற பேக்கேஜை இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள். ரெக்வயர்மென்ட்ஸ்.இன் என்று ஒரு கோப்பைத் தொடங்கி, நீங்கள் நேரடியாக இம்போர்ட் செய்யும் பேக்கேஜ்களை மட்டும் எழுதுங்கள். பிறகு "பிப்-கம்பைல்" கட்டளையை ஓட்டினால், முழுப் பட்டியலையும் ரெக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி கோப்பில் அதுவே எழுதித் தரும். ஒவ்வொரு பேக்கேஜின் கீழும், இது யார் வழியாக வந்தது என்று ஒரு குறிப்பும் இருக்கும். வெர்க்ஸோய்க்கின் கீழே "ஃபிளாஸ்க் வழியாக", மார்க்அப்சேஃபின் கீழே "ஜிஞ்சா, வெர்க்ஸோய்க் வழியாக". அந்தச் சின்னக் குறிப்புக்காகவே இந்தக் கருவி எனக்குப் பிடிக்கும். முதல் கோப்பை நீங்கள் திருத்துங்கள். இரண்டாவதைக் கையால் தொடாதீர்கள். இரண்டையும் கிட்டில் ஏற்றுங்கள்.

பைத்தான் பதிப்பையும், புராஜெக்டின் விளக்கக் கோப்பான ரீட்மீயில் ஒரு வரி எழுதிவையுங்கள். 2023 அக்டோபரில் வந்த பைத்தான் 3.12, டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பழைய பகுதியை நீக்கிவிட்டது. அதை நம்பியிருந்த பேக்கேஜ்கள் எத்தனை பூட்டு போட்டாலும் அதில் ஓடாது.

படி 4: ஏற்கெனவே உடைந்துவிட்டதா?

தங்கையின் புராஜெக்டுக்கு மருந்து ஒரு வரிதான்: வெர்க்ஸோய்க்<3, அதாவது 3-க்குக் கீழான பதிப்பு. அதைச் சேர்த்து மறுபடி இன்ஸ்டால் செய்ததும் பக்கம் திறந்தது. எது நகர்ந்தது என்று தெரிந்தால் இப்படிச் செய்யலாம். தெரியாதபோது தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கிட் லாகில், கடைசியாக ஓடியது என்று உறுதியாகத் தெரியும் கமிட்டின் (கிட்டில் பதிந்த மாற்றத்தின்) தேதியைப் பாருங்கள். பிப்பைப் போலவே பேக்கேஜ்களை இன்ஸ்டால் செய்யும் யூவி என்ற கருவியில் "எக்ஸ்க்ளூட்-நியூவர்" என்று ஒரு தேர்வு உண்டு. அதற்கு அந்தத் தேதியைக் கொடுத்தால், அதற்குப் பிறகு வெளியான எதையும் எடுக்காது. அன்றைய நாளுக்கே திரும்பிப் போன மாதிரி இன்ஸ்டால் ஆகும். ஓடியதும் உடனே பூட்டிவிடுங்கள்.

படி 5: பூட்டைத் திறந்து மூடுவது

பூட்டியதை அப்படியே விட்டுவிடக் கூடாது. பாதுகாப்புத் திருத்தங்கள் புதிய பதிப்புகளில்தான் வரும். "பிப் லிஸ்ட் --அவுட்டேட்டட்" கொடுத்தால் பின்தங்கியவை தெரியும். "பிப்-கம்பைல் --அப்கிரேட்-பேக்கேஜ்" என்று எழுதி ஒரு பெயரை மட்டும் கொடுங்கள், ஓட்டிப் பாருங்கள், கமிட் செய்யுங்கள், அப்புறம் அடுத்தது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஏற்றினால் எது உடைத்தது என்று கண்டுபிடிப்பதற்குள் விடிந்துவிடும். புராஜெக்டைக் காட்ட வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு இந்த வேலையே வேண்டாம்.

பதிப்பின் முதல் எண் மாறினால்தான் பழைய கோடு உடையும் என்று படித்திருப்பீர்கள். பெரும்பாலும் அப்படித்தான், முழுதாக நம்பிவிடாதீர்கள். மேலே சொன்ன மார்க்அப்சேஃப் 2.0-லிருந்து 2.1-க்குத்தான் போனது. நடு எண் மாறியதற்கே அத்தனை புராஜெக்ட் விழுந்தது.

படி 6: அழித்துப் பாருங்கள்

பூட்டு சரியாக விழுந்ததா என்று தெரிய ஒரே வழிதான். .வென்வ் ஃபோல்டரை முழுதாக அழியுங்கள். பயப்பட வேண்டாம், உங்கள் கோடு அதற்குள் இல்லை. புதிதாக அறை உருவாக்கி, "பிப் இன்ஸ்டால் -ஆர்" என்று கொடுத்து, ரெக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி கோப்பிலிருந்து மட்டும் இன்ஸ்டால் செய்யுங்கள். அன்று தங்கையும் இதைச் செய்தாள். அழிக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது. இரண்டு நிமிடத்தில் பிரவுசரில் அவள் செய்த லாகின் பக்கம் மறுபடி வந்து நின்றது.