போர்க்கால டாக்டர் படங்கள்: வாங்குவதிலும் வைப்பதிலும் நடக்கும் தவறுகள்

உக்கடத்துப் பழைய சாமான் கடையிலோ, ஈரோட்டுக் காயலான் கடையிலோ, குன்னூர்ப் பக்கம் காலி செய்கிற பங்களாவிலோ ஒரு பழைய ராணுவப் படம் அகப்பட்டால் கூடவே ஒரு கதையும் வரும். "ஏனுங்க, இவரு மொதல் சண்டைக்குப் போன டாக்டருங்க." பணம் வீணாவது பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியத்தை நம்புவதால்தான். படத்தில் இருப்பவர் டாக்டர், எடுத்தது போர்க்காலத்தில், கையில் இருப்பது அசல் படம் என்று மூன்று சங்கதிகளை அது ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. மூன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

கையில் செஞ்சிலுவைப் பட்டை கட்டியவரெல்லாம் டாக்டர் என்று நினைப்பது முதல் தவறு. ஸ்ட்ரெச்சர் தூக்குபவர், வார்டு உதவியாள், ஆம்புலன்ஸ் டிரைவர் எல்லோரும் அதைக் கட்டினார்கள். சிலுவை கறுப்பாகத் தெரிந்தால் குழம்ப வேண்டியதில்லை. அந்தக் காலத்துப் போட்டோத் தகடுகளுக்குச் சிவப்பு உறைக்காது, படத்தில் கறுப்பாகவே விழும். செஞ்சிலுவைச் சின்னம் 1864ஆம் ஆண்டு ஜெனிவா ஒப்பந்தத்தோடு வந்தது. ஆகவே 1853–56 கிரிமியப் போர் டாக்டர் என்று சொல்லப்படுபவரின் கையில் சிலுவை இருந்தால் அங்கேயே பேரத்தை முடித்துவிடலாம்.

இதைவிடப் பெரிய ஏமாற்றம் கோட்டு சூட்டில் வருகிறது. வெளிர் நிறச் சூட்டு, அகலமான வெள்ளைக் காலர் மடிப்பு, கறுப்பாகத் தெரியும் டை என்று நாலைந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கும் முதல் உலகப்போர்ப் படங்களை "ஆஸ்பத்திரி டாக்டர்கள்" என்று விற்பார்கள். அவர்கள் நோயாளிகள். பிரிட்டனில் குணமாகிவந்த சிப்பாய்களுக்கு நீலச் சூட்டும் சிவப்பு டையும் கொடுத்திருந்தார்கள். அந்தக் காலத் தகட்டில் நீலம் வெளுத்துவிடும், சிவப்பு கறுத்துவிடும்.

டாக்டரைக் காட்டிக்கொடுப்பது பேட்ஜ். பிரிட்டிஷ் ராணுவ மருத்துவப் படை 1898இல் அமைந்தது. அதன் சின்னம் கோலைச் சுற்றிய ஒற்றைப் பாம்பு, மேலே கிரீடம். இறக்கையும் இரட்டைப் பாம்பும் காலரில் இருந்தால் அமெரிக்கர், அதுவும் 1902க்குப் பிறகு. கிரீடத்தின் மேல்வளைவு நடுவில் பள்ளமாக இறங்கினால் விக்டோரியா காலம் அல்லது 1953க்குப் பிந்தைய எலிசபெத் காலம். உருண்டு மேலெழுந்தால் இடைப்பட்ட அரசர்கள் காலம். நம் நாட்டுப் படங்களில் இன்னும் சுலபம். இந்திய ராணுவ மருத்துவப் படை 1943 ஏப்ரல் 3இல் உருவானது, அதன் பேட்ஜ் முதல் உலகப்போர்ப் படத்தில் வர வழியில்லை. அசோகச் சிங்கம் தெரிந்தால் 1950க்குப் பிறகு எடுத்தது, இரண்டாம் போர்க் கதை அதோடு சரி. மார்பு ரிப்பன்களையும் விடாதீர்கள். முதல் போரின் பிரிட்டிஷ் போர் மெடலும் வெற்றி மெடலும் 1919இல்தான் ஏற்படுத்தப்பட்டன. அந்த ரிப்பன் குத்தியவர் போர்முனையில் நிற்கவில்லை, ஊர் திரும்பி ஸ்டுடியோவில் நிற்கிறார்.

இணையத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–65) படங்களை வாங்குவோர் தோள்பட்டையைப் பார்க்க வேண்டும். சர்ஜன்கள் பலரின் பட்டையில் எம்.எஸ். (மெடிக்கல் ஸ்டாஃப்) என்ற எழுத்துகள் இருக்கும். கையில் பாம்புக் கோல் தைத்த பட்டை இருந்தால் அவர் ஆஸ்பத்திரி ஸ்டூவர்ட், அதாவது மருந்தும் கணக்கும் பார்த்தவர். அவரைச் சர்ஜன் விலைக்கு விற்பது அன்றாடம் நடக்கிறது. படம் இரும்புத் தகட்டில் இருந்தால் இடம் வலமாக மாறியிருக்கும். எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பித் தெரிவதும் வாள் வலப்பக்கம் தொங்குவதும் அதனால்தான், போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். அட்டையில் ஒட்டிய காகிதப் படத்தின் பின்னால் வரி ஸ்டாம்ப் இருந்தால் 1864 செப்டம்பருக்கும் 1866 ஆகஸ்டுக்கும் இடையில் விற்றது. ஸ்டாம்ப் இல்லை என்பது எதையும் நிரூபிக்காது, பின்னாளில் ஒட்டிய ஸ்டாம்பும் உண்டு. ஸ்டுடியோக்காரர் அதன்மேல் மையால் கிறுக்கிய முதலெழுத்தும் தேதியும் இருக்கிறதா பாருங்கள்.

அறுவை நடப்பதுபோல் உள்ள படத்துக்கு விலை எகிறும். அக்காலத் தகட்டுக்குப் பல நொடி வெளிச்சம் வேண்டும். கத்தி பிடித்த கை உட்பட எல்லாமே கூர்மையாக விழுந்திருந்தால் நிற்கவைத்து எடுத்தது. அதுவும் ஆவணம்தான், ஆனால் போர்க்கள அறுவை என்று விலை கொடுக்காதீர்கள். முகமூடியும் ரப்பர் கையுறையும் தெரிந்தால் 1890களுக்கு முந்தையது அல்ல.

இடப்பெயரில் நம் பக்கத்துக்கே உரிய ஒரு தவறு இருக்கிறது. ஊட்டி ஏ.டி.டபிள்யூ. பென் ஸ்டுடியோ அட்டையில் ராணுவ உடுப்போடு ஒருவர் இருந்தால் உடனே ஏதோ ஒரு போரோடு முடிச்சுப் போடுகிறார்கள். ஜக்கதளா என்ற பெயர் மாறி 1860இல் வெல்லிங்டன் ஆன குன்னூர்ப் பக்கத்துக் கன்டோன்மென்ட், நோயுற்ற சிப்பாய்கள் உடம்பு தேறிய இடம். அங்கு எடுத்த ஆஸ்பத்திரிப் படங்களில் போர்க்காயம் பட்டவர்களைவிட மலைக்காற்றுக்கு வந்தவர்களே அதிகம் இருக்க வாய்ப்பு. இதேபோல, பிரைட்டன் அரண்மனையை 1914 டிசம்பரில் இந்திய சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரியாக்கியபோது எடுத்த படங்கள் போஸ்ட்கார்டாகவும் அச்சாகி விற்றன. "எங்க அப்பாரு இருக்கிற ஒரே படம்" என்று வந்தாலும் முதலில் அது அந்த அச்சு கார்டா என்று பாருங்கள்.

அசலா என்று பார்க்கச் சட்டைப் பையில் நான்கு பொருள் போதும்: நகை ஆசாரிகள் வைத்திருக்கும் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் கண்ணாடி, 365 நானோமீட்டர் யுவி (புற ஊதா) டார்ச், மில்லிமீட்டர் ஸ்கேல், சின்னக் காந்தம். லூப்பில் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அச்சு. புள்ளியே இல்லாமல் நிறம் கரைந்து ஓடினால் போட்டோவாக இருக்கலாம். முட்டை வெள்ளைக்கருவில் செய்த ஆல்புமின் தாளில் இழை தெரியும், வெள்ளைப் பகுதி மஞ்சளித்திருக்கும். இருட்டில் யுவி அடித்துத் தாள் பளீரென நீலமாக ஒளிர்ந்தால் 1950களுக்குப் பிந்தைய தாள். ஒளிராவிட்டால் பழையது என்று அர்த்தமில்லை. சின்ன அட்டைப் படம் சுமார் 64 × 100 மி.மீ., கேபினெட் அட்டை 108 × 165 மி.மீ. காந்தம் இரும்புத் தகட்டுக்கு.

இங்கே அதிகம் ஏமாற்றுவது போலியைவிட ஸ்டுடியோ மறுபிரதி. அந்தக் காலத்திலேயே வீட்டுக்கு ஒன்றாகப் பங்குபோட எடுத்தவை. படத்தைச் சாய்த்து ஓரத்திலிருந்து வெளிச்சம் விடுங்கள். படத்தில் கீறலும் மடிப்பும் தெரிகிறது, தாளின் மேற்பரப்போ வழவழவென்று இருக்கிறது என்றால் கீறல் வேறொரு படத்தில் இருந்தது.

நல்ல படத்தை வாங்கியபின் கெடுப்பது நாமே. லேமினேஷன் செய்தால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. சட்டகத்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தை இழுத்தால் படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் பூச்சு கண்ணாடியோடு போய்விடும். பிரிக்காமல் கண்ணாடியோடு ஸ்கேன் செய்து அப்படியே வையுங்கள். ஈரத்துணி, செல்லோடேப், ஒட்டும் பக்கம் உள்ள ஆல்பம் எதுவும் வேண்டாம். புது ரெயின்கோட்டின் வாசம் அடிக்கும் பிவிசி உறையைத் தவிர்த்துப் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை போடுவார்கள். அதன் ஆவி படத்தின்மேல் படியும், வேண்டாம். பின்பக்கக் குறிப்பை மென்மையான பென்சிலில் ஓரமாக மட்டும் எழுதுங்கள். பழைய பென்சில் குறிப்பை அழிக்கவே கூடாது, தப்பாக இருந்தாலும்.

ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு வீசும் ஜூன் முதல் ஆகஸ்டு வரை கோவையிலும், மலைமேல் ஏறக்குறைய வருடம் முழுக்கவும் அது கூடிவிடும். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். இரும்பு அலமாரியில் ஒரு ஈரப்பத மீட்டர் வையுங்கள். சிலிக்கா ஜெல் அளவுக்கு மீறினால் ஆல்புமின் படம் சுருண்டு வெடிக்கும்.

வெளிநாட்டவருக்கு விற்பதாக இருந்தால் முதலில் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தைப் பாருங்கள். நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளும் எழுபத்தைந்து ஆண்டு கடந்த வரலாற்று ஆவணமும் அதன்கீழ் வரக்கூடும். தொல்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் அல்ல என்ற சான்று கிடைத்தபிறகே தபாலில் போடுங்கள்.