ஆர்.வி. பயணத்துக்கு மடக்கு மின்சார சைக்கிள்: வாங்குமுன் தூக்கிப் பாருங்கள்

அமெரிக்காவுக்கு வந்த முதல் கோடையிலேயே ஆர்.வி. ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தேசியப் பூங்காக்களைப் பார்க்கக் கிளம்பும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் கூடவே உருண்டு வருகிற வீடு அது. அந்த வீட்டை ஓரிடத்தில் நிறுத்திவிட்டால் மறுபடி கிளப்புவது லேசில்லை என்பது போன பிறகுதான் தெரியும். முகாம்தளத்தில் வண்டியை மட்டம் பார்த்து நிறுத்தி, மின்கம்பியைச் செருகி, தண்ணீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் பொருத்தி முடிக்கவே அரை மணி நேரம் போய்விடும். அதற்கப்புறம் குழந்தைக்குப் பால் இல்லை என்று தெரிந்தால், ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கடைக்காக அத்தனையையும் கழற்ற வேண்டும். பூங்காவுக்குள் 25 அடி நீள வண்டிக்கு நிறுத்துமிடம் தேடுவது இன்னொரு பாடு.

மடக்கு மின்சார சைக்கிள் கைகொடுப்பது இங்கேதான். காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் டிரெய்லர் வகை ஆர்.வி. என்றால் டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டுக் காரில் கடைக்குப் போய்விடலாம். சைக்கிள் இல்லாமலும் சமாளிக்கலாம். ஓட்டுநர் இருக்கையும் வீடும் ஒன்றாக இருக்கும் மோட்டார் ஹோம் எடுப்பவர்களுக்கு அது ஏறக்குறைய அத்தியாவசியம்.

எங்கள் முதல் சைக்கிளை வேகத்தையும் டயரின் தடிமனையும் பார்த்து வாங்கினோம். நான்கு அங்குல டயர், பெரிய பேட்டரி, மொத்தம் 30 கிலோ. மடக்கிவிட்டால் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்று விற்றவர் சொன்னார். மடக்கினால் நீளம் குறையும், எடை குறையாது. ஆர்.வி.யின் படி உயரமானது, கதவு குறுகலானது. அந்தக் கதவு வழியாக 30 கிலோ இரும்பையும் அலுமினியத்தையும் தினம் இரண்டு முறை ஏற்றி இறக்க என் மனைவியால் முடியவில்லை. மூன்றாம் நாள் என் முதுகும் ஒத்துழைக்கவில்லை. பயணத்தின் பிற்பாதி முழுவதும் அது படுக்கைக்குப் பக்கத்தில் வழியை அடைத்துக்கொண்டு கிடந்தது. அன்றிலிருந்து யார் என்னிடம் யோசனை கேட்டாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீட்டில் உடல் வலு குறைந்தவர் இதைத் தனியாகத் தூக்க முடியுமா?

எடையும் இடமும்

சந்தையில் இருக்கும் மடக்கு வண்டிகளை எடையை வைத்து மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒரு முனையில் பிராம்ப்டன் நிறுவனத்தின் மின்சார சைக்கிள் போன்றவை. 16 அங்குலச் சக்கரம், பேட்டரியோடு சேர்த்துச் சுமார் 17 கிலோ. பேட்டரி முன்பக்கப் பைக்குள் இருப்பதால் அதைத் தனியே கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு வண்டியை மறு கையில் எடுக்கலாம். மடக்கினால் சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய்விடும். ஆனால் சின்னச் சக்கரம் சரளைக்கல் பாதையில் திணறும், குழிகளில் அடி வாங்கும். மறுமுனையில் லெக்ட்ரிக் எக்ஸ்.பி. போன்ற தடித்த டயர் வண்டிகள், ஏறத்தாழ 29 கிலோ. மண் பாதையில் நிம்மதியாகப் போகும், சாமான் நிறைய ஏற்றலாம். தூக்குவதுதான் பிரச்சினை.

முதன்முறை வாங்குபவர்களுக்கு நான் சொல்வது இரண்டுக்கும் நடுவில் இருப்பதை: 20 அங்குலச் சக்கரம், இரண்டு அங்குலத்தை ஒட்டிய டயர், 20 முதல் 22 கிலோ. பேட்டரியைக் கழற்ற முடிய வேண்டும். கழற்றினால் இரண்டரை, மூன்று கிலோ குறையும். முகாம்தளங்களின் சாலை பெரும்பாலும் தாரோ இறுகிய சரளையோதான். அதற்கு நான்கு அங்குல டயர் தேவையில்லை.

வெளியே மாட்டிக்கொண்டு போகலாமே என்று தோன்றும். இங்கே கவனம் வேண்டும். வாடகை ஆர்.வி.யின் ஒப்பந்தத்தில் வெளியே எதையும் மாட்டக் கூடாது என்ற நிபந்தனை இருக்கக்கூடும், கையெழுத்திடுமுன் படியுங்கள். சொந்த வண்டியானாலும், பின் சக்கரத்துக்கு அப்பால் நீண்டிருக்கும் வால்பகுதி பள்ளத்தில் இறங்கி ஏறும்போது காரைவிடப் பல மடங்கு எகிறி விழும். காருக்கென்று செய்த சைக்கிள் தாங்கிகள் பலவற்றில் ஆர்.வி.யில் பயன்படுத்தக் கூடாது என்று எழுதியிருப்பது அதனால்தான். ஒரு சைக்கிளுக்கு இத்தனை எடை என்ற வரம்பும் தாங்கியில் இருக்கும். இரண்டு தடித்த டயர் வண்டிகள் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். பின்பக்க பம்பரில் கட்டித் தொங்கவிடுவதை நினைக்கவே வேண்டாம். அந்தச் சதுரக் குழாய் உதிரிச் சக்கரத்தைச் சுமக்கும் அளவுக்குத்தான் பலமுள்ளது. நெடுஞ்சாலையில் அது முறிந்தால் பின்னால் வருபவரின் கண்ணாடிமேல் விழும்.

ஆக, உள்ளே வைப்பதுதான் வழி. கடைக்குப் போகும் முன்பே, எடுக்கப்போகும் ஆர்.வி.யின் உள்ளறை அளவை வாடகை நிறுவனத்திடம் கேட்டு எழுதி வையுங்கள். அந்த அளவில் தரையில் நாடாவை ஒட்டி, மடக்கிய சைக்கிளின் நீளம், அகலம், உயரத்தை அதில் பொருத்திப் பாருங்கள். ஓடும் வண்டியில் அது நகராமல் பட்டை போட்டுக் கட்ட ஓர் இடமும் தேவை. திடீர் பிரேக்கில் 20 கிலோ பொருள் முன்னால் பாய்ந்தால் யார்மேல் விழும் என்று ஒரு நிமிடம் நினைத்தால் போதும்.

சட்டம்: ஆக்சிலேட்டர் இருப்பதும் இல்லாததும்

புதிதாக வந்தவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம், 750 வாட்டுக்குக் குறைவான மோட்டாரும், மோட்டார் மட்டும் இழுக்கும்போது மணிக்கு 20 மைலுக்குக் குறைவான வேகமும் கொண்ட வண்டியை மோட்டார் வாகனமாகக் கருதாமல் சைக்கிளாகக் கருதுகிறது. பெரும்பாலான மாநிலங்கள் இவற்றை மூன்று வகுப்பாகப் பிரிக்கின்றன. முதல் வகுப்பு, மிதித்தால் மட்டும் மோட்டார் உதவும். 20 மைல் வேகத்தில் உதவி நின்றுவிடும். இரண்டாம் வகுப்பு, அதே வேகம், ஆனால் மிதிக்காமலே ஓட்ட ஆக்சிலேட்டர் உண்டு. மூன்றாம் வகுப்பு, மிதித்தால் 28 மைல் வரை உதவும். கனடாவுக்குள் போவதாக இருந்தால் அங்கே மோட்டாருக்கு 500 வாட், வேகத்துக்கு மணிக்கு 32 கிலோமீட்டர் என்பது நினைவிருக்கட்டும்.

ஆர்.வி.யில் போகிறவர்களின் முக்கியமான இலக்கே தேசியப் பூங்காக்கள்தான். 2020இல் வந்த விதியின்படி, சைக்கிள் அனுமதிக்கப்படும் பாதைகளில் மின்சார சைக்கிளை விடுவதா, எந்த வகுப்பை விடுவதா என்று அந்தந்தப் பூங்காவின் கண்காணிப்பாளர் முடிவு செய்யலாம். மெய்ன் மாநிலத்தின் அகேடியாவில், ஜான் டி. ராக்கஃபெல்லர் ஜூனியர் அமைத்த குதிரை வண்டிப் பாதைகள் 45 மைல் நீளம் காட்டுக்குள் ஓடுகின்றன. அங்கே முதல் வகுப்புக்கு மட்டுமே அனுமதி. யூட்டாவின் சையன் பூங்காவில் பாரஸ் பாதையிலும் முதல் வகுப்பு வண்டி போகலாம். ஆக்சிலேட்டர் உள்ள வண்டியை வாங்கிவிட்டு, நான் அதைத் தொடவே மாட்டேன் என்று வாயிலில் சொல்லிப் பயனில்லை. வகுப்பு எது என்று வண்டியில் ஒட்டிய அட்டையே சொல்லிவிடும். தடித்த டயர் மடக்கு வண்டிகள் பெரும்பாலும் ஆக்சிலேட்டரோடுதான் வருகின்றன என்பதால் இதைப் பணம் கொடுக்குமுன் பாருங்கள். பூங்காக்களுக்காகவே வாங்குகிறீர்கள் என்றால் தயங்காமல் முதல் வகுப்பை எடுங்கள். 1964ஆம் ஆண்டுச் சட்டப்படி வனாந்தரப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் எந்தச் சைக்கிளுக்கும் இடமில்லை.

அனுமதி இருக்கும் இடங்களில் கிடைக்கும் சுகம் தனி. கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பில் ஹெர்மிட் சாலையில் மார்ச் முதல் நவம்பர் வரை சொந்த வாகனங்களை விடுவதில்லை. பஸ் ஓடும், சைக்கிள் ஓடும். ஏழு மைல் தூரம், பள்ளத்தாக்கின் விளிம்பை ஒட்டி, எங்கே நினைத்தாலும் நின்று பார்த்துக்கொண்டு போகலாம். பஸ் வரும்போது ஓரமாக ஒதுங்கி நின்றுவிடுங்கள்.

பேட்டரிக் கணக்கு

பேட்டரியின் வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 48 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்றால் 480. மிதமாக மிதித்துக்கொண்டு சமதளத்தில் போனால் கிலோமீட்டருக்கு 10 முதல் 15 வாட்-மணி செலவாகும். அதாவது 30 கிலோமீட்டருக்குக் குறையாது. கடைக்குப் போய்வர இது தாராளம். விளம்பரத்தில் இருக்கும் தூரத்தை நம்பாமல் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

மின்இணைப்பு உள்ள முகாமில் சார்ஜ் செய்வது பெரிய விஷயமே அல்ல. 30 ஆம்பியர், 120 வோல்ட் இணைப்பு 3,600 வாட் தரும். சைக்கிள் சார்ஜர் கேட்பது 150 வாட்டை ஒட்டித்தான். இணைப்பே இல்லாத காட்டிலும் பாலைவனத்திலும் தங்கினால் கதை வேறு. ஆர்.வி.யின் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில் 1,200 வாட்-மணி இருக்கிறது. அதன் ஆயுள் கெடாமல் எடுக்கக்கூடியது பாதி, 600. இன்வெர்ட்டரிலும் சார்ஜரிலும் வீணாவதையும் சேர்த்தால் உங்கள் 480 வாட்-மணி சைக்கிள் அந்த 600ஐயும் ஒரே மூச்சில் குடித்துவிடும். இரவில் விளக்கும் தண்ணீர் பம்பும் ஹீட்டரின் விசிறியும் எதில் ஓடும்? அப்படிப்பட்ட இடத்துக்குப் போகுமுன் முழுதாகச் சார்ஜ் செய்துகொள்ளுங்கள். போன பிறகு நண்பகல் வெயிலில் சூரியத் தகடு வேலை செய்யும்போது மட்டும் செருகுங்கள்.

தீ விஷயத்தில் சமரசம் வேண்டாம். தரமற்ற லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் ஓர் அறை அளவே உள்ள ஆர்.வி.யிலிருந்து தப்பிக்கச் சில நொடிகளே கிடைக்கும். யூ.எல். என்பது பொருள்களின் பாதுகாப்புக்குத் தரம் வகுக்கும் அமைப்பு. வண்டியின் மின்னமைப்புக்கு யூ.எல். 2849, பேட்டரிக்கு யூ.எல். 2271 என்ற சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். இப்படிச் சான்று பெறாத மின்சார சைக்கிளை விற்கவே கூடாது என்று நியூயார்க் நகரம் 2023இல் சட்டம் கொண்டுவந்தது. அந்த அளவுக்குத் தீ விபத்துகள் அங்கே நடந்திருந்தன. கூடவே வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். கதவுக்கு அருகில் வைத்தும் எல்லோரும் தூங்கும் நேரத்திலும் சார்ஜ் செய்யாதீர்கள். பனி உறையும் குளிரில் கிடந்த பேட்டரியை உடனே செருகக் கூடாது. அறை வெப்பத்துக்கு வரட்டும். வெயிலில் பூட்டிய ஆர்.வி.க்குள் விட்டுவிட்டுப் போவதும் அதற்கு ஆகாது. குளிர்காலம் முழுவதும் சும்மா வைப்பதானால் பாதிச் சார்ஜில் வையுங்கள்.

வேறு நாட்டில் வாங்கிய வண்டியை விமானத்தில் கொண்டுவரலாம் என்று எண்ணுபவர்களுக்கு ஒரு வார்த்தை: பயணிகளின் பெட்டியிலோ கைப்பையிலோ 160 வாட்-மணிக்கு மேற்பட்ட பேட்டரிக்கு அனுமதி இல்லை. மடக்கு சைக்கிளின் பேட்டரி ஏறக்குறைய எப்போதும் அதைவிடப் பெரியது. வந்து சேர்ந்த பிறகு வாங்குவதே நல்லது.

ஓட்டிப் பார்க்கும்போது

மோட்டார் எப்போது உதவுகிறது என்பதைக் கவனியுங்கள். மலிவான வண்டிகளில் பெடல் சுற்றுகிறதா என்பதை மட்டும் உணரும் கருவி இருக்கும். கால் அசைந்ததும் சட்டென்று தள்ளும். குழந்தைகள் ஓடியாடும் முகாம் சாலையில் அது எனக்குப் பிடிப்பதில்லை. நீங்கள் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்கள் என்று அளந்து, அதற்கேற்ப உதவும் கருவி இருந்தால் வண்டி சொன்னபடி கேட்கும். கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் இதற்குச் செலவு செய்யலாம். சைக்கிள் சட்டகத்தின் நடுக்கீலும் கைப்பிடித் தண்டின் பூட்டும் ஆடாமல் இருக்க வேண்டும். வாங்கிய பிறகும் ஒவ்வொரு முறை ஏறுமுன் அவற்றை அசைத்துப் பாருங்கள். ஊரிலிருந்து வரும் பெற்றோரும் ஓட்டுவார்கள் என்றால், காலைத் தூக்கிப் போடத் தேவையில்லாத தாழ்வான சட்டகம் அவசியம்.

பிரேக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் விற்கும் சைக்கிள்களில் வலக்கைப் பிரேக் பின்சக்கரத்துக்கு, இடக்கைப் பிரேக் முன்சக்கரத்துக்கு. நம்மில் பலர் ஓட்டிப் பழகிய வண்டிகளில் இது நேர்மாறு. அவசரத்தில் பழைய பழக்கப்படி இடக்கையை இறுக்கினால், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் உள்ள குட்டைச் சக்கர வண்டி ஆளை முன்னால் கவிழ்த்துவிடும். அதோடு சாலையில் வலப்பக்கம் போக வேண்டும் என்பதும் சேர்ந்துகொள்ளும்போது, பல ஆண்டுகள் சைக்கிள் ஓட்டியவருக்கும் முதல் சில நாட்கள் தடுமாற்றம் வரும். பயணம் கிளம்புவதற்கு முந்தைய வாரம், காலி நிறுத்துமிடம் ஒன்றில் மோட்டாரை அணைத்துவிட்டு, தலைக்கவசம் அணிந்து, இரண்டு பிரேக்கையும் மெல்லச் சேர்த்துப் பிடித்து நிற்கப் பழகுங்கள். இருபது முறை செய்தால் கை புதிய பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் ஓட்டப்போகும் எல்லோரும் செய்ய வேண்டும். அதன் பிறகு மோட்டாரைப் போட்டு, அதே இருபது முறை.