வீட்டில் ஒருவர் மனம் நிலைகுலையும்போது

முதலில் டிவியை அணையுங்கள். சுற்றி நிற்கும் உறவினர்களை அடுத்த அறைக்கு அனுப்புங்கள். ஒருவர் மட்டும் பேசட்டும். இரண்டு கை நீளம் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். வாசலை மறைக்காதீர்கள், சிக்கிக்கொண்ட பயத்தில் அவர் கை ஓங்கக்கூடும். வீவக (சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடாயிற்றே, சன்னலையும் சமையலறைக் கத்தியையும் இன்னொருவர் சத்தமில்லாமல் கவனிக்கட்டும்.

“குரல் கேட்குது” என்றால் வாதாடாதீர்கள், ஆமாம் போடவும் வேண்டாம். “எனக்குக் கேட்கலை, தம்பி. ஆனா உனக்குப் பயமா இருக்குன்னு புரியுது” போதும். பிறகு பேசாமல் காத்திருங்கள், இதுதான் கடினம். சாக நினைக்கிறாரா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது.

சிங்கப்பூர் மனநலக் கழகத்தின் உதவி எண் 6389 2222, தற்கொலை எண்ணத்துக்கு 1767: இரண்டும் 24 மணி நேரமும் இயங்கும். மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கியிருந்தால் தாமதிக்காமல் ஆம்புலன்சுக்கு 995.