டர்பனில் வீட்டுக்கு மதிப்பு போட ஆள் வைப்பது எப்படி?

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு வீட்டை விற்கலாமா, பங்கு பிரிக்கலாமா என்று பேச்சு எடுத்தாலே போதும், ஆளுக்கொரு விலை வந்து விழும். ஏஜென்ட் ஒன்று சொல்வார், ரேட்ஸ் பில்லில் (முனிசிபாலிட்டியின் வீட்டு வரி பில்) ஒன்று இருக்கும், வங்கி வேறொன்று சொல்லும், பக்கத்து வீட்டு மாமா எல்லாவற்றையும் தாண்டிப் போவார். மாமாவை விடுங்கள். மற்ற மூன்றும் வெவ்வேறு வேலைக்காகப் போட்ட கணக்குகள். உங்கள் வேலைக்கு எது வேண்டும் என்று தெரியாமல் வேல்யூவருக்கு, அதாவது சொத்து மதிப்பீட்டாளருக்கு, பணம் கட்டினால், நல்ல அறிக்கை கையில் இருந்தும் பயன்படாது.

படி 1: எதற்காக, எந்தத் தேதிக்கு?

விற்பதற்கு மட்டும்தான் என்றால் காசு கொடுத்து வேல்யூவரை அழைக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. இரண்டு மூன்று ஏஜென்டுகளைக் கூப்பிடுங்கள், இலவசமாகவே சொல்வார்கள். ஆனால் விற்கும் வேலை தனக்கே வர வேண்டும் என்று சிலர் விலையைக் கொஞ்சம் ஏற்றிச் சொல்வதுண்டு. "இதே தெருவில் எந்த வீடு என்ன விலைக்குப் பதிவாச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்கும் விலையை அல்ல, பதிவான விலையை.

பெற்றோர் காலமானபின் எஸ்டேட் (இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து) கணக்கு, விவாகரத்து, அண்ணன் பங்கைத் தம்பி வாங்கிக்கொள்வது, முனிசிபாலிட்டி போட்ட மதிப்பை எதிர்ப்பது: இவற்றுக்குத்தான் முறையான வேல்யூவர் வேண்டும். எஸ்டேட் என்றால் இறந்த தேதியன்று வீடு என்ன விலை பெறும் என்பதே கேள்வி, இன்றைய விலை அல்ல. அழைக்கும்போதே இந்தத் தேதியைச் சொல்லிவிடுங்கள்.

பழைய வீட்டுக்காரர்களுக்கு ஒரு விஷயம். தென்னாப்பிரிக்காவில் கேபிடல் கெயின்ஸ் வரி (சொத்தை விற்ற லாபத்தின் மீதான வரி) 2001 அக்டோபர் 1 முதல் வந்தது. அதற்கு முன் வாங்கிய வீட்டுக்கு, லாபத்தைக் கணக்கிட அந்தத் தேதியின் சந்தை மதிப்பைக் காட்ட வேண்டுமானால், அந்த மதிப்பீட்டை 2004 செப்டம்பர் 30க்குள் எடுத்திருக்க வேண்டும். அப்பாவின் பழைய ஃபைலில் தேடுங்கள். இல்லையென்றால் இன்று யாரிடமும் காசு கொடுத்து அதை எழுதி வாங்காதீர்கள். வேறு கணக்கு முறைகள் இருக்கின்றன, வரி ஆலோசகரிடம் கேளுங்கள்.

இன்ஷூரன்ஸ் தொகை தனி. அது வீட்டை மறுபடி கட்ட ஆகும் செலவு, நிலத்தின் விலை அதில் சேராது. குறைத்துப் போட்டிருந்தால் சேதம் வரும்போது கம்பெனி அதே விகிதத்தில் குறைத்துத்தான் கொடுக்கும்.

படி 2: ஆளைத் தேர்ந்தெடுப்பது

2000ஆம் ஆண்டின் 47ஆம் எண் சட்டப்படி, சொத்து மதிப்பீட்டாளர்களுக்கென்று ஒரு கவுன்சில் இருக்கிறது. அதில் பதிவு செய்தவர்தானா என்று பாருங்கள். பதிவு எண்ணைக் கேட்டு, கவுன்சிலிடம் நேரடியாகச் சரிபார்த்துவிடுங்கள். 'கேண்டிடேட்' நிலையில் இருப்பவர் பயிற்சிக் காலத்தில் இருப்பவர், மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில்தான் வேலை செய்ய வேண்டும். அறிக்கையில் கையெழுத்து யாருடையது என்று கேளுங்கள்.

கட்டணம் ஒரே தொகையாக இருக்கட்டும். "மதிப்பில் இத்தனை சதவீதம்" என்று சொன்னால் வேண்டாம், விலையை ஏற்ற அவருக்கே ஆசை வந்துவிடும். எஸ்டேட் விஷயமாக இருந்தால், முதலில் எக்ஸிக்யூட்டரிடமோ (எஸ்டேட்டை நிர்வகிப்பவர்) வக்கீலிடமோ பேசுங்கள். எஸ்டேட்களை மேற்பார்க்கும் உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகம் தனக்கு ஏற்ற மதிப்பீட்டாளரைக் கேட்கலாம்.

படி 3: காகிதம் எடுத்து வையுங்கள்

டைட்டில் டீட் (சொத்து உரிமைப் பத்திரம்) நகல், ரேட்ஸ் பில், கட்டிட பிளான். முதலாவது காணாமல் போயிருந்தால் பீட்டர்மாரிட்ஸ்பர்கில் உள்ள டீட்ஸ் ஆபீஸில் நகல் எடுக்கலாம். நம்ம ஊரில் தலைவலி கொடுப்பது மூன்றாவதுதான்.

சாட்ஸ்வொர்த் வீடுகளில் பல 1960களில் சிறிய முனிசிபாலிட்டி வீடுகளாகக் கட்டப்பட்டவை. பிள்ளைகள் வளர வளர பின்பக்கம் ஒரு அறை, சமையலறையை நீட்டியது, முன்னால் கார் நிறுத்த ஒரு கூரை, கீழே தனி வாசல் வைத்து வாடகைக்கு விட்ட ஃபிளாட்லெட் என்று சேர்ந்துகொண்டே போயிருக்கும். 1977ஆம் ஆண்டுக் கட்டிடச் சட்டப்படி, முனிசிபாலிட்டி ஒப்புதல் இல்லாமல் கட்டக்கூடாது. ஒப்புதல் இல்லாத பகுதியை வாங்குபவரின் வங்கி கணக்கில் எடுக்கத் தயங்கும், வேல்யூவரும் அப்படியே குறித்து வைப்பார். மாத வாடகை வருகிறதே என்று நீங்கள் மதிக்கும் அந்த ஃபிளாட்லெட், காகிதத்தில் இல்லாத அறையாக நின்றுவிடும். விற்கும் எண்ணம் இருந்தால் பிளானைச் சரிசெய்யும் வேலையைச் சில மாதம் முன்பே தொடங்குங்கள்.

படி 4: அவர் வரும் நாளில்

அளவெடுப்பார், படம் எடுப்பார், கூரையைப் பார்ப்பார். ஈரக்கசிவு, விரிசல், பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், எல்லாம் குறிப்பில் ஏறும். சரிவில் கட்டிய வீட்டுக்கு மண் தாங்கும் சுவர் மிக முக்கியம். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு, மேட்டில் இருந்தாலும் பள்ளத்தில் இருந்தாலும் அந்தச் சுவரும் மழைநீர் வடிகாலும் எப்படி இருக்கின்றன என்று வாங்குபவர்களே கேட்கிறார்கள். விரிசலுக்குப் பெயின்ட் அடித்து மறைக்க வேண்டாம். விற்கும்போது குறைகளை எழுதிக் கொடுக்கும் படிவம் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம், ஏஜென்ட் அதைக் கேட்பார்.

கிரானைட் மேடை, இத்தாலிய டைல்ஸ் போட்ட செலவு அப்படியே திரும்பி வராது. முற்றத்தில் உள்ள சின்னக் கோயிலுக்கு அவர் பொதுவாக எதையும் கூட்ட மாட்டார். கார் உள்ளே வரும் வழி, தனி வாசல், பாதுகாப்பு, பள்ளிக்கும் கடைக்கும் உள்ள தூரம், தண்ணீர் வரத்து ஆகியவைதான் விலையை நகர்த்தும். வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட் குடிநீர் நிலையம் சேதமாகி மாதக்கணக்கில் தண்ணீர் இல்லாமல் இருந்ததை அங்குள்ளவர்கள் மறக்கவில்லை.

படி 5: அறிக்கையைப் படிப்பது

முதலில் எர்ஃப் (மனை) எண், நிலப் பரப்பு, தேதி, நோக்கம் நான்கும் சரியா என்று பாருங்கள். பிறகு ஒப்பிட்டிருக்கும் வீடுகளின் பட்டியல். ஒரு கற்பனைக் கணக்கு: பக்கத்தில் மூன்று வீடுகள் 8.8 லட்சம், 9.5 லட்சம், 10.2 லட்சம் ராண்டுக்கு விற்றிருக்கின்றன. 10.2க்குப் போன வீட்டில் பிளான் ஒப்புதல் பெற்ற ஃபிளாட்லெட் இருந்தது. உங்களுடையதில் ஒப்புதல் இல்லை என்றால் அங்கிருந்து கழிப்பார். 8.8 அக்கா தம்பிக்குக் கொடுத்த விலை என்றால், அது சந்தை விலையே அல்ல, பட்டியலில் இருக்கக் கூடாது. இப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் ஏன் கூட்டினார், ஏன் கழித்தார் என்று எழுதியிருக்க வேண்டும். காரணம் இல்லாமல் கடைசி எண் மட்டும் இருந்தால் எழுதிக் கேளுங்கள். உங்கள் பக்கம் ஆதாரமான வேறு விற்பனை இருந்தால் அதையும் அனுப்புங்கள்.

முனிசிபாலிட்டி மதிப்பை எதிர்க்கவே எடுத்தீர்கள் என்றால் காலக்கெடுவைப் பாருங்கள். பெருநகரங்களில் புதிய மதிப்புப் பட்டியல் பொதுவாக நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும், ஆட்சேபத்துக்குக் குறைந்தது 30 நாள் கிடைக்கும். ஆட்சேபம் கொடுத்தாலும் ரேட்ஸ் கட்டுவதை நிறுத்த முடியாது.

பங்கு பிரிப்பு என்றால் அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லாரும் சேர்ந்து ஒரே வேல்யூவரை வைத்து, கட்டணத்தைப் பகிர்ந்துகொள்வது நல்லது. ஆளுக்கொரு வேல்யூவர் வைத்தால் ஆளுக்கொரு வக்கீலும் வருவார். எஸ்டேட் மதிப்பீட்டின் நகலை வாரிசுகள் ஒவ்வொருவரும் பத்திரமாக வைத்திருங்கள். பின்னாளில் அந்த வீட்டை விற்றால், கேபிடல் கெயின்ஸ் கணக்கு அந்த மதிப்பிலிருந்துதான் தொடங்கும்.