கிளினிக்குப் போகமாட்டேன் என்பவரை எப்படிக் கூட்டிக்கொண்டு போவது?

வீட்டில் சீனி வருத்தமோ பிறஷரோ உள்ள ஒருவர் கிளினிக்குப் போவதை நிறுத்திவிட்டால், நாங்கள் முதலில் செய்வது ஏச்சுத்தான். தயவுசெய்து அதை விடுங்கள். ஏசினால் மூன்று நாளைக்குக் குளிசை போடுவார்கள், நாலாம் நாள் போட்டதாகச் சொல்லுவார்கள், அவ்வளவுதான். திருகோணமலைப் பக்கம் கிளினிக் தவறுவதற்குக் காரணம் அநேகமாகப் பஸ், காசு, பாஷை, வெட்கம், யாரைக் கேட்டுப் போவது என்ற பிரச்சினை, இதில் ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும். எது என்று பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிடிப்பதற்குச் சுலபமான வழி, கிளினிக் நாளை அவர் வாயாலேயே முழுசாகச் சொல்ல வைப்பது. "ஏன் போகல்ல?" என்று கேட்டால் அது பொலிஸ் விசாரணை. "போன முறை எத்தனை மணிக்கு எழும்பினீங்க மாமி?" என்று தொடங்குங்கள், மிச்சம் தானாக வரும். வெருகல் பக்கமிருந்து திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்கு வருகிற ஒருவர் இருட்டோடு எழும்ப வேண்டும், வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கச் சொல்லியிருந்தால் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் பஸ் ஏற வேண்டும், வந்து நம்பர் எடுத்து, இரத்தம் கொடுத்து, டொக்டரைக் காண ஒரு வரிசை, மருந்துக்கு இன்னொரு வரிசை. துணைக்கு வந்த மகனுக்கு அன்றைக்குக் கடலும் இல்லை, கூலியும் இல்லை. மருந்துக்குக் காசு கேட்பதில்லை என்பது உண்மைதான், ஆனால் அந்த வீட்டுக்கு அன்றைய நாள் பெரிய செலவு.

தூரம்தான் பிரச்சினை என்றால், கிளினிக்கைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு மாற்றித் தர முடியுமா என்று டொக்டரிடமே கேளுங்கள். மூதூரிலும் கிண்ணியாவிலும் ஆதார வைத்தியசாலை இருக்கிறது, கட்டுக்குள் இருக்கிற பிறஷரைப் பார்க்கப் பெரியாஸ்பத்திரிதான் வேண்டும் என்றில்லை. எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை செய்ய வசதி உண்டா என்றும் கேட்டுப் பாருங்கள். அது கிட்டத்தட்ட மூன்று மாதச் சீனி நிலவரத்தைக் காட்டும், அதற்குப் பட்டினி கிடக்கத் தேவையில்லை. 2009இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவிலிருந்து நோயாளியும் பாதை என்கிற மிதவையில் ஏறித்தான் துறையைக் கடந்தார் என்பதை இளையவர்கள் மறந்துவிட்டார்கள். ரோடும் பாஷையும் வைத்தியத்தோடு சேர்ந்ததுதான் என்பது பழைய கதை: 1848இல், இன்றைக்குப் பெரும்பாலும் போலந்தில் இருக்கிற மேல் சிலேசியாவில் டைபஸ் காய்ச்சல் பரவியபோது, அப்போது அதை ஆண்ட பிரஷிய (ஜெர்மானிய) அரசு ருடால்ஃப் விர்கோ என்ற இளம் டொக்டரைப் பார்த்துவர அனுப்பியது. அவர் எழுதிக்கொடுத்த பரிகாரத்தில் பள்ளிக்கூடம், ரோடு, நல்ல கூலி எல்லாம் இருந்தன, அங்கிருந்த சனங்கள் பேசிய போலிஷ் பாஷைக்கு இடம் கொடுக்க வேண்டும் என்பதும் இருந்தது.

பாஷை விஷயத்தைத்தான் நாங்கள் லேசாக எடுக்கிறோம். சிங்களம் மட்டும் தெரிந்த டொக்டர் "குளிசை ஒழுங்காப் போடுறீங்களா?" என்று அரைகுறைத் தமிழில் கேட்கிறார், அம்மா விளங்காமலே தலையாட்டுகிறார். உண்மையில் பாதி நாள் போடுவதில்லை. சீனி ஏறியிருப்பதைப் பார்த்து, மருந்து போதவில்லை என்று நினைத்து டொக்டர் அளவைக் கூட்டிவிடுகிறார். அப்புறம் மகள் ஊரிலிருந்து வந்து நின்று எல்லாக் குளிசையையும் நேரத்துக்குக் கொடுக்கிறாள், அம்மாவுக்கு வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வருகிறது. சீனி தேவைக்கு மேல் இறங்கிவிட்டது! அதனால் போகுமுன் ஒரு தாளில் எழுதுங்கள்: என்ன மருந்து, எத்தனை நாள் தவறியது, என்ன செய்கிறது. தவறியதை மறைக்காமல் எழுதுங்கள். தமிழ் தெரிந்த மிஸ்ஸி (தாதி) இருந்தால் அவரைக் கொஞ்சம் வரச்சொல்லிக் கேளுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிப்போகாதீர்கள், பேரனுக்கு முன்னால் எந்தப் பெண்ணும் தன் வெள்ளைப்படுதலைப் பற்றிச் சொல்லமாட்டார்.

இளம் பெண் என்றால் முடிவெடுப்பவர் வேறொருவராக இருக்கலாம். புருஷன் கட்டாரில், வீட்டில் மாமியார். அங்கே மருமகளுக்குப் புத்தி சொல்லிப் பிரயோசனமில்லை, மாமியாரோடு பேசுங்கள். உங்கள் பேச்சு எடுபடாவிட்டால் ஏரியா மிட்வைஃபிடம் சொல்லி வீட்டுக்கு வரச்செய்யுங்கள், அவருக்குத் திறக்காத வாசல் குறைவு.

பரியாரியாரிடம் போகிறார், தண்ணி ஓதிக் குடிக்கிறார் என்றால் சண்டை பிடிக்காதீர்கள். ஆர்தர் கிளைன்மன் என்ற அமெரிக்க மனநல டொக்டர், நோயாளியிடம் கேட்கச் சொன்ன சில கேள்விகள் இங்கே கைகொடுக்கும்: இது எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், ஏன் அந்த நேரத்தில் தொடங்கியது, எதற்கு அதிகம் பயப்படுகிறீர்கள்? கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். "இன்சுலின் ஊசி போட்டால் அதோடு சரி, கடைசிக் கட்டம்" என்ற பயம் பல வீடுகளில் இப்படித்தான் வெளியே வரும். கசாயம் குடிப்பதானால் மட்டும் டொக்டருக்குச் சொல்லியே ஆகவேண்டும், சிலது சீனியை இன்னும் இறக்கிவிடும். நோன்பு பிடிப்பவர்கள் றமழானுக்குச் சில வாரங்கள் முன்பே போய் மருந்து நேரத்தை மாற்றி வாங்க வேண்டும், தாங்களாக மாற்றக்கூடாது.

சாப்பாட்டில் ஒன்றுதான், நோயாளிக்கெனத் தனிச் சட்டி வைக்காதீர்கள், வீட்டுக்கே சோற்றைக் குறைத்து மரக்கறியைக் கூட்டுங்கள்.

மனநல கிளினிக் என்றால் வெட்கம்தான் பெரிய சுவர், வரிசையில் தெரிந்த முகம் இருக்குமே என்ற பயம். முதலில் மனநல உதவிக்கான 1926 என்ற போன் இலக்கத்துக்கு வீட்டிலிருந்தே எடுத்துப் பேசச் சொல்லுங்கள், யாரும் பார்க்கப்போவதில்லை.

இவ்வளவு பொறுமையும் ஆறுதலாகப் பேச நேரம் இருக்கும்போது மட்டும். நெஞ்சை அழுத்துகிற நோவு, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, ஒரு பக்கக் கை கால் விளங்காமல் போவது என்று ஏதாவது வந்தால் யாரிடமும் அனுமதி கேட்க நிற்காமல் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். கிளினிக் கொப்பியையும் குளிசைப் பையையும் கையோடு எடுத்துக்கொண்டு ஏறுங்கள்.