கண்ணாடி மேசையில் மவுஸ் துள்ளுகிறதா?

கண்ணாடி மேசையில் ஆப்டிகல் மவுஸை நகர்த்தும்போது திரையில் அம்புக்குறி துள்ளினால், லேசர் மவுஸ் வாங்கக் கிளம்பாதீர்கள். மவுஸ் நகரும் இடத்தில், கண்ணாடியின் மேல் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டிவிடுங்கள், போதும். மவுஸின் வயிற்றில் இருப்பது ஒரு குட்டிக் கேமரா. மேசைப் பரப்பை நொடிக்கு ஆயிரம் முறைக்கு மேல் படமெடுத்து, அதன் சொரசொரப்பு எந்தப் பக்கம் நகர்ந்தது என்று கணக்கிடுகிறது. தாளில் நம் கண்ணுக்குத் தெரியாத நார்கூட அதற்குப் புலப்படும். கண்ணாடியில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. லேசர் மவுஸ் பளபளக்கும் மரமேசையில் சமாளிக்கும்தான், ஆனால் தெளிந்த கண்ணாடியில் பெரும்பாலும் அதுவும் தடுமாறும்.

தாளின் மேலும் துள்ளினால் குற்றம் மேசையுடையதல்ல. மவுஸைக் கவிழ்த்து, ஒளி வரும் துளையில் தலைமுடியோ தூசியோ சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். வயரில்லா மவுஸ் என்றால் பேட்டரியையும் மாற்றிப் பாருங்கள்.